முழு மின்னேற்றத்தில் 118 காட்டும் லீஃப், விளம்பரத்தில் 228: எதை நம்பி அக்கரைப்பற்றுக்குப் போவது?

கல்லடிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். யப்பானில் பாவிக்கப்பட்ட 2015ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். 24 கிலோவாற்று மணி பற்றரி உள்ளது. ஒரு முழு மின்னேற்றத்தில் 228 கிலோமீற்றர் ஓடும் என்று விளம்பரத்தில் பார்த்திருந்தேன். ஆனால் இரவு முழுவதும் மின்னேற்றி, காலையில் காரை இயக்கினால் முகப்பில் 118 என்றுதான் காட்டுகிறது. ஏசியைப் போட்டவுடன், கார் ஓரடிகூட நகராமலேயே, அது 103 ஆகக் குறைகிறது. கல்லடியிலிருந்து அக்கரைப்பற்றில் உள்ள என் வேலையிடத்துக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர், போய்வர 130. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, பற்றரி பழுதா, அல்லது முகப்பில் தெரியும் எண்தான் தவறா என்று அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். பெரிய மின்னேற்றக் கோடுகளுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கோடுகளில் 10 மட்டுமே தெரிகின்றன.

கல்முனை மின்னியலாளர்

தம்பி, அந்தச் சிறிய கோடுகளைக் குறிப்பிட்டது நல்லது. உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. புதிய லீஃபில் அவை 12 இருக்கும். பற்றரியின் கொள்ளளவு ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்த பிறகுதான் முதற்கோடு மறையும். அதன் பின்னர் ஒவ்வொரு 6 சதவீதத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் குறையும்போது ஒவ்வொன்றாக மறையும். பத்துக் கோடுகள் எஞ்சியிருக்கின்றன என்றால், புதிதாக இருந்தபோது கொண்ட மின்சாரத்தில் முக்கால் பங்கை ஒட்டிய அளவே இப்போது உங்கள் பற்றரி கொள்கிறது. லீஃப் பற்றரியைக் குளிர்விக்கத் தனியான திரவ ஏற்பாடு கிடையாது என்பதால் வெப்பமான நாடுகளில் அது வேகமாகத் தேய்கிறது. நமது கரையோர வெயிலில் நாள் முழுவதும் காரை நிறுத்தி வைப்பதை இயன்றவரை தவிருங்கள்.

மறு பாதி, 228 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது. அது யப்பானின் ஜேசி08 என்ற பரிசோதனையில் கிடைத்தது. புதிய காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசியை நிறுத்தி, சராசரியாக மணிக்கு 24 கிலோமீற்றர் அளவிலும் உச்சமாக 82 கிலோமீற்றருக்கு உட்பட்டும் ஓட்டிப் பார்க்கும் முறை அது. அங்கே எதிர்க்காற்றும் இல்லை, காத்தான்குடிச் சந்தை நெரிசலும் இல்லை. இதே 24 கிலோவாற்று மணிக் காருக்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் கொடுத்த எண் 84 மைல், அதாவது 135 கிலோமீற்றர். ஆகவே புதுக்காரே 228 ஓடியிராது. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. ஆனால் எந்த முறையில் அளந்தது என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது வாங்குபவருக்குச் செய்யும் நியாயமல்ல.

ஏசியைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். அது மணிக்கு ஓர் அலகு (ஒரு கிலோவாற்று மணி) மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 வேகத்தில் போகும்போது அந்த ஓர் அலகு 60 கிலோமீற்றருக்குப் பகிரப்படும். நெரிசலில் 15 வேகத்தில் ஊர்ந்தால் 15 கிலோமீற்றருக்குள்ளேயே அது தீர்ந்துவிடும். உங்கள் காருக்கு ஓர் அலகு என்பது ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஓட்டம்.

செங்கலடிச் சாரதி

நான் 40 கிலோவாற்று மணி லீஃப் ஓட்டுகிறேன். ஜேசி08 முறையில் 400, யப்பானின் புதிய முறையில் 322, அமெரிக்க முறையில் 243 என்று ஒரே காருக்கு மூன்று எண்கள் இருக்கின்றன.

முகப்பில் தெரியும் எண் வேறு வகையானது. அது கார் அண்மையில் எப்படி ஓடியது என்பதை வைத்து, இனியும் அப்படியே ஓடும் என்று கணிப்பது; வரப்போகும் பாதையை அது அறியாது. சென்ற ஆடி மாதம் செங்கலடியிலிருந்து மகாஓயா வழியாகப் பதுளைக்குப் போனேன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேரே முகத்தில் அறைந்தது. ஒரு கிலோமீற்றர் ஓடினால் எண்ணில் இரண்டு குறைந்தது. பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது; 1,600 கிலோ எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 3 அலகு வேண்டும். திரும்பி இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, அதில் ஒரு பங்கைப் பற்றரிக்கு மீட்டுக் கொடுத்தது. பிபிலையை நெருங்கியபோது, மலையில் புறப்பட்ட நேரத்தைவிடக் கூடுதலான தூரத்தை முகப்புக் காட்டியது. அந்த மகிழ்ச்சி சமதரைக்கு வந்து அரை மணி நேரத்தில் கரைந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கிலோமீற்றர் எண்ணைப் பார்ப்பதில்லை. சதவீதத்தை மட்டுமே பார்க்கிறேன்.

சம்மாந்துறையான்

2025இல் இறக்குமதி மீண்டும் திறந்த பின்னர் வந்த பிவைடி அட்டோ 3 என்ற சீன மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் தூரத்தைக் காட்ட இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, விளம்பர எண்ணைச் சதவீதத்தால் பெருக்கிக் காட்டுவது. மற்றையது, உங்கள் ஓட்டத்தைப் பார்த்து மாறுவது. இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். அந்தக் காருக்கும் பழைய ஐரோப்பிய முறையில் 480, புதிய முறையில் 420 என்று இரு எண்கள் இருக்கின்றன.

கல்லடிவாசி

அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி. சதவீதத்தை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று சனிக்கிழமை முழு மின்னேற்றத்துடன் புறப்பட்டேன். ஏசியை 26இல் வைத்து, 60க்கு மேல் போகாமல், களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் நின்று சதவீதத்தைக் கொப்பியில் குறித்தேன். அக்கரைப்பற்றை அடைந்தபோது 46 சதவீதம் எஞ்சியிருந்தது. 54 சதவீதத்தில் 65 கிலோமீற்றர் என்றால் முழுப் பற்றரிக்கும் 120. முகப்பில் தெரிந்த 118 பொய்யல்ல, நான் மனதில் வைத்திருந்த 228தான் எனக்குப் பொருந்தாதது.

அங்கே மச்சான் வீட்டில், அவருடைய அனுமதியுடன், இரண்டு மணி நேரம் மின்னேற்றினேன், 79 ஆனது. கல்லடிக்குத் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தியபோது 26 இருந்தது. இனி வேலை நாட்களில் பகலுணவு வேளையில் அங்கேயே மின்னேற்றிக்கொள்வதாகவும், அதற்கான மின்கட்டணத்தை மாதந்தோறும் கொடுப்பதாகவும் அவருடன் பேசி முடித்திருக்கிறேன்.