மறு: டிராஃப்டிங் – ‘காற்றொதுக்கு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

இழை இவ்வளவு நீண்ட பிறகு உள்ளே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம்) ஓட்டுநர்களை மறைந்த ஜாம்பவான்களோடு ஒப்பிட்டு நான் எழுதும் கட்டுரைக்கு ஒரே ஒரு சொல்தான் கேட்டேன்: முன்வண்டியின் வாலில் ஒட்டி ஓடி எதிர்க்காற்றைக் குறைத்துக்கொள்ளும் ‘டிராஃப்டிங்’குக்குத் தமிழ் என்ன? அகராதியைத் திறந்து ‘வரைவு’ என்று போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டாக் கார் என்று நான் கொடுத்துப் பார்த்தபோது இயந்திர மொழிபெயர்ப்பு ‘பங்கு கார்’ என்றல்லவா தந்தது!

(ஸ்டாக் காரை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. கடையில் விற்கும் வண்டியைக் கைவைக்காமல் ஓட்ட வேண்டும், அதுதான் அந்த ‘ஸ்டாக்’. 1949 ஜூனில் சார்லட்டில் இந்த வண்டிகளுக்கென்று நாஸ்கார் நடத்திய முதல் பந்தயத்திலேயே, முதலில் வந்த கிளென் டனவேயின் வண்டியில் பின் ஸ்பிரிங்கில் வேலை செய்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வெற்றியை ஜிம் ரோப்பருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த வண்டிகளில் கடைச்சரக்கு என்று எதுவும் இல்லை. பெயர் மட்டும் மிச்சம், பெயராகவே இருக்கட்டும்.)

> ‘இழுவையோட்டம்’ அல்லது ‘காற்றுமறைவு’ போதுமே, இதற்கு மேல் என்ன யோசனை?

இழுவை ஆகாது. வண்டியைக் காற்று பின்னுக்கு இழுப்பதைத்தான் இயற்பியலில் இழுவை என்கிறோம், டிராஃப்டிங் அதைக் குறைக்கிற வேலை, பொருள் தலைகீழாகிவிடும். ‘காற்றுமறைவு’ நல்ல சொல்தான், ஆனால் மறைந்த ஓட்டுநர்களைப் பற்றிய கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் மறைவு வந்தால் யார் காற்றில் மறைந்தார், யார் காலமானார் என்று வாசகர் திண்டாடுவார்.

மழைக்கு ஒதுங்குகிறோம் இல்லையா, அதே மாதிரி காற்றுக்கு ஒதுங்குவது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகும்போது முன்னால் ஒரு லாரி வந்துவிட்டால் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வோமே, கால் திடீரென்று லேசாகுமே, அந்த இடத்துக்குப் பெயர் ‘காற்றொதுக்கு’. இடத்துக்குத்தான் பெயர், செயலுக்கு இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், அந்த இடத்துக்குள் போய் அன்றைய ஜாம்பவான்கள் செய்ததும் இன்றைய ஓட்டுநர்கள் செய்வதும் வேறு வேறு.

அந்த இடத்தைக் கண்டுபிடித்த பெருமை ஜூனியர் ஜான்சனுக்கு. வட கரோலினா மலைப்பாதைகளில் போலீசுக்கு டிமிக்கி கொடுத்துக் கள்ளச்சாராயம் கடத்திப் பழகிய கை. புளோரிடாவில் நடக்கும் டேடோனா 500 பந்தயத்துக்கு 1960இல் அவருக்குக் கிடைத்த செவர்லே, போன்டியாக் வண்டிகளுக்குப் பக்கத்தில்கூட வராது. பயிற்சியில் ஒரு போன்டியாக்கின் வாலில் ஒட்டிப் போனபோதுதான் தன் வண்டியும் அதே வேகத்துக்கு வருவதைக் கவனித்தார். அதை வைத்தே பந்தயத்தை ஜெயித்தார். முன்வண்டி காற்றைப் பிளந்துகொண்டு போகிறது, பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பொந்து உண்டாகிறது, அதற்குள் நுழைந்தவனுக்கு எதிர்ப்பு குறைவு. முன்வண்டிக்கும் லாபம்தான், அந்தப் பொந்தைப் பின்வண்டி அடைத்துவிடுவதால் அதைப் பின்னுக்கு இழுப்பதும் குறையும், ஆகவே இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகப் போவதைவிட வேகம். ஒரே தொல்லை, ரொம்ப நேரம் ஒட்டியே போனால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காமல் எஞ்சின் கொதிக்கும்.

இப்போது டேவிட் பியர்சன். 574 பந்தயத்தில் 105 வெற்றி, 2018இல் காலமானார். 1974 ஜூலை 4, டேடோனா, கடைசிச் சுற்று தொடங்குகிறது, பியர்சன் முதலிடம், அவருடைய பரம எதிரி ரிச்சர்ட் பெட்டி அவர் ஒதுக்கில். முதலிடத்தில் இருப்பதே அன்றைக்கு ஆபத்து, பின்னால் இருப்பவன் ஒதுக்கிலிருந்து வெளியே வந்து விசிறி அடித்த மாதிரி தாண்டிவிடுவான் (இந்த ஸ்லிங்ஷாட்டுக்குக் ‘கவண்பாய்ச்சல்’ என்று வைக்கலாம், கவண் நம்மிடம் இருக்கும்போது எதற்குக் கடன்?). பியர்சன் என்ன செய்தார் தெரியுமா, எஞ்சின் போய்விட்ட மாதிரி ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்துவிட்டார். பெட்டி வேறு வழியில்லாமல் விலகி முன்னால் போனார். பியர்சன் அவருக்குப் பின்னால் ஒதுங்கினார், கடைசி வளைவு தாண்டி வரும்போது கவண்பாய்ச்சலில் முந்தி ஜெயித்தார். பெட்டிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இதை இன்றைய ஓட்டுநர்களான கைல் லார்சனோ ரயன் பிளேனியோ டேடோனாவில் செய்ய முடியுமா? காலை எடுத்தால் இருபதாவது இடத்தில் போய் நிற்பார்கள். 1988 முதல் டேடோனாவிலும் அலபாமாவின் டாலடேகா தடத்திலும் எஞ்சினுக்குப் போகும் காற்றையே நெரிக்கிறார்கள், அதற்கு முந்தைய ஆண்டு பாபி ஆலிசனின் வண்டி பறந்து வேலியைக் கிழித்தது காரணம். நெரித்த எஞ்சினில் தனியாக வெளியே வந்தால் எதிர்க்காற்று சுவர் மாதிரி நிறுத்திவிடும், பின்னால் இன்னொருவன் தள்ளினால்தான் உண்டு. அதனால் முன்னால் இருப்பவன் கண்ணாடியைப் பார்த்தபடி, அரங்கின் கூரை மேல் நின்று கவனிக்கும் ஸ்பாட்டர் (அவனுடைய அணியின் கண்காணிப்பாளர்) ரேடியோவில் சொல்லச் சொல்ல, பின்னால் வரும் இரண்டு வரிசை வண்டிகளையும் மாறி மாறி அடைக்கிறான். இதுவும் திறமைதான், ஆனால் பியர்சனின் திறமை இல்லை. ‘ஒதுக்கு’ இரண்டுக்கும் பொது, ஆனால் முன்னதைக் ‘கவண்பாய்ச்சல்’ என்றும் பின்னதை ‘முட்டித் தள்ளல்’ என்றும் பிரிக்காவிட்டால் ஒப்பீடு வெறும் வாய்ச்சண்டை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் டேல் எர்ன்ஹார்ட். 2000 அக்டோபர், டாலடேகா, ஐந்து சுற்று மிச்சம் இருக்கும்போது 18ஆம் இடம். முடியும்போது முதலிடம். கென்னி வாலஸ் பின்னாலிருந்து தள்ளாவிட்டால் நடந்திருக்காது, ஆனால் எந்த வரிசையில் எப்போது இடம் திறக்கும் என்று பார்த்தது எர்ன்ஹார்ட்டின் கண். அது அவருடைய 76ஆவது வெற்றி, கடைசி வெற்றியும்கூட. 2001 பிப்ரவரியில் டேடோனாவின் கடைசி வளைவில் மோதி இறந்துபோனார்.

அப்புறம் ‘டர்ட்டி ஏர்’, அதாவது முன்வண்டி கலக்கிவிட்டுப் போகும் காற்று. அழுக்குக் காற்று வேண்டாம், புகை என்று நினைப்பார்கள். ‘கலங்கல் காற்று’ எப்படி?

நன்றி.

---

> பியர்சன் அவருக்குப் பின்னால் ஒதுங்கினார்

தம்பி, ‘ஒதுக்கு’ பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்றால் சொம்போடு போவார்கள். ‘பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினார்’ என்று எழுதினால் எனக்கு ஒரு பெட்டிக்கடையும் அதன் பின்சுவரும்தான் தெரிகின்றன. வினைச்சொல்லை மாற்றுங்கள்.

---

ஐயா, சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறேன். ‘ஒதுங்கு’ வேண்டாம், ‘ஒதுக்குப் பிடித்தார்’, ‘ஒதுக்கில் ஓடினார்’ என்று திருத்திவிட்டேன். பெட்டியை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், மனிதர் பெயரே அதுதான். கட்டுரையை ஞாயிறன்று ஏற்றுகிறேன், கலங்கல் காற்றுக்கு மாற்று இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.