சாமி உத்தரவு தருவதற்குள் அவசரப்பட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

பென்னாகரம் ரோடு:
போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் முன் சாமியிடம் பூ கேட்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2017 சித்திரை. முந்தைய வருடம் வடகிழக்கு மழை சுத்தமாக ஏமாற்றிவிட்டது, கிணற்றில் தவளை கூட இல்லை, தென்னையில் குருத்து சாய ஆரம்பித்திருந்தது. போர் போடும் திருச்செங்கோட்டு வண்டி பக்கத்து ஊரில் வேலை முடித்து நிற்கிறது, இன்றைக்கு விட்டால் ஆந்திராவுக்குப் போய்விடும் என்று ஏஜெண்ட் காலையிலிருந்து விடாமல் போன் செய்கிறார்.

குலசாமி கோயிலில் அம்மன் வலது தோளில் வெள்ளைப் பூ, இடது தோளில் சிவப்புப் பூ. வலது விழுந்தால் போடலாம், இடது விழுந்தால் வேண்டாம், எதுவும் விழாவிட்டால் பொறு என்று அர்த்தம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூன்று முறை கற்பூரம் காட்டியாகிவிட்டது. ஒரு பூவும் அசையவில்லை. பூசாரி, "ஆடி போகட்டும், அப்புறம் வந்து கேளுங்க" என்றார். அப்போது சித்தப்பா எழுந்து முன்னால் போய், வேர்க்கிறது என்பதுபோல் தோளில் கிடந்த துண்டை எடுத்து விசிறினார். இரண்டு வீசல் தனக்கு. மூன்றாவது வீசல் கொஞ்சம் நீளம். வெள்ளைப் பூ விழுந்தது.

பூசாரி பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா மட்டும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "உத்தரவு கெடச்சிருச்சுண்ணா" என்று சித்தப்பா சொன்னதும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று ராத்திரியே வண்டி வந்தது. 840 அடி. தண்ணீர் இல்லை, வெறும் பாறைப் புகைதான். விடியும்போது ஓடு, மாட்டின் முதுகு, அம்மாவின் தலை எல்லாம் சாம்பல் பூசினமாதிரி இருந்தது. பணம் முழுக்க வட்டிக்கு வாங்கியது. ஆவணி, புரட்டாசியில் மழை கொட்டி, காய்ந்து கிடந்த கிணற்றில் ஏழு படி மூழ்கியது. அந்த நவம்பரில்தான் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் ஷட்டரே உடைந்தது, ஞாபகம் இருக்கும்.

தண்ணீர் வராதது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. "அம்மன் உத்தரவு குடுத்தும் தண்ணி வரலையே, நான் என்ன குத்தம் செஞ்சேன்" என்று அப்பா இன்றும் கேட்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.

எலத்தகிரி அம்மா:
தம்பி, சாமிக்கே விசிறிவிட்ட ஆளை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை வாங்கித் தருவதாக ஒருவன் 60,000 கேட்டான். பரீட்சை ரிசல்ட் வரும்வரை பொறும்மா என்று மகனும் சொன்னான், பங்குத்தந்தையும் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ராத்திரி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், நாலாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் ஜிபே. "அருள் நிறைந்த மரியே" வாயில் ஓட ஓட பின் நம்பரை அடித்தேன். மறுநாள் அவன் போன் ஸ்விட்ச் ஆஃப்.

பைபிளில் வரும் சவுல் ராஜா கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கில்காலில் ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலி செலுத்துகிறேன் என்று இறைவாக்கினர் சாமுவேல் சொல்லியிருந்தார். பெலிஸ்தியர் எதிரில் நிற்கிறார்கள், இவனுடைய ஆட்கள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள், ஏழாம் நாளும் சாமுவேலைக் காணோம். சவுலே எரிபலியைச் செலுத்திவிட்டான். செலுத்தி முடித்த உடனே சாமுவேல் வந்து நிற்கிறார்! சவுல் பயந்துதான் செய்தான், கெட்ட எண்ணத்தில் இல்லை, அதனால்தான் எனக்கு அவன்மேல் பரிதாபம். ஆபிரகாமும் அப்படித்தான். ஊரைவிட்டுக் கிளம்பும்போது 75 வயது, உன்னைப் பெரிய இனமாக்குவேன் என்று கடவுள் சொல்லியாகிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் பார்த்தும் பிள்ளை இல்லை என்று மனைவி சாராவே தன் பணிப்பெண் ஆகாரை அவருக்குக் கொடுத்தாள். 86 வயதில் இஸ்மயேல். சொன்ன பிள்ளை ஈசாக்கு பிறந்ததோ 100-ல். நடுவில் அந்த வீட்டில் நடந்த சண்டையைப் படித்துப் பாருங்கள், நம் வீடு மாதிரியே இருக்கும்.

காரிமங்கலம் பையன்:
அம்மா, மன்னிக்கணும், தண்ணீருக்கும் சவுலுக்கும் சம்பந்தமில்லை. எங்களுக்கும் இரண்டு போர் புகையாகத்தான் போனது, பூவும் கேட்கவில்லை ஒன்றும் கேட்கவில்லை. நம் மாவட்டத்தில் கீழே கடினப் பாறை, அதில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். வெடிப்பு இல்லாத இடத்தில் ஆடி என்ன, தை என்ன? பென்னாகரம் அண்ணனுக்கு நான் சொல்வது, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: அடுத்த முறை நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை முறையில் சர்வே எடுத்துவிட்டுப் போடுங்கள், தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நம்பாதீர்கள். ஆழம் போனால் தண்ணீர் நிச்சயம் என்று ஏஜெண்ட் சொல்வான், அவனுக்கு அடிக்கணக்கில் கூலி, சொல்லத்தான் செய்வான். வந்தாலும் நம் பக்கம் தண்ணீரில் ஃப்ளோரைடு தொல்லை, அதற்காகத்தானே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே திறந்தார்கள். பண்ணைக்குட்டை வெட்டுங்கள். மழைத் தண்ணீரை வடிகட்டி அந்தக் காய்ந்த போருக்குள்ளேயே இறக்கலாம், பக்கத்துக் கிணறுக்கு நல்லது. முக்கியமாக, அதன் வாயை மூடினீர்களா? கைவிட்ட போரை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 2019-ல் மணப்பாறை பக்கம் குழந்தை போருக்குள் விழுந்து என்ன நடந்தது என்று டிவியில் நாலு நாள் பார்த்தோமே.

சந்தூர் மாந்தோப்பு:
பொறுத்தவன் எல்லாம் ஜெயித்தமாதிரி பேசுகிறீர்கள். எங்கள் பாட்டிக்குக் கண் சிவந்து தாங்க முடியாத வலி. பூ கேட்டோம், விழவில்லை. அடுத்த வெள்ளி கேட்டோம், விழவில்லை. டவுனுக்குக் கூட்டிப்போனபோது கண்ணில் நீர் அழுத்தம், பத்து நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். பாட்டி ஒன்றும் பேசவில்லை, கையால் தடவித் தடவி என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. துண்டை எடுத்து விசிற அங்கே ஒரு சித்தப்பா இல்லையே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மாங்காயில் எனக்கும் பொறுமை உண்டு. பெங்களூரா மாங்காயை முற்றாமல் பறித்துப் பழுக்கக் கார்பைடு கல் வைத்தால் தோல் மஞ்சளாகும், அறுத்தால் உள்ளே வெள்ளை, வாயில் வைக்க முடியாது (கல் வைப்பது தடை, அது வேறு விஷயம்). அதற்காக மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறோம்? தினமும் போய்க் காம்பைப் பார்க்கிறோம்.

எலத்தகிரி அம்மா:
சந்தூர் தம்பி, பாட்டி விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வலி வந்ததே உத்தரவுதான் என்று எனக்குப் படுகிறது, ஆனால் அது பிறகு வந்த புத்தி.

பென்னாகரம் ரோடு:
காரிமங்கலம் தம்பி, போர் வாயில் பழைய சட்டியைக் கவிழ்த்து மேலே கல் வைத்திருந்தோம். நீ கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை. நேற்று சாயங்காலம் இரும்பு மூடி வாங்கிவந்து மாட்டினேன். இருட்டிவிட்டது, அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். போல்ட்டை முடுக்கும்போது வாய் வரை வந்துவிட்டது, சொல்லிவிடலாம் என்று. நிமிர்ந்து பார்த்தால் வரப்பில் சித்தப்பா வந்துகொண்டிருந்தார், தோளில் அதே மாதிரி ஒரு துண்டு.