மழையில் வண்டிக்குள் தண்ணீர்: மலையில் பார்த்த ஒழுகல்கள்

நீலகிரியில் வண்டி வேலை பார்ப்பவர்களும் வண்டிக்காரர்களும் பேசிக்கொண்டது:

கூடலூர் மெக்கானிக்

ஜூன் பிறந்தால் தேவாலா, பந்தலூர், ஓவேலி பக்கத்து வண்டிகளில் ஒரே புகார்: முன்னால் இடப்பக்க மேட்டிங் சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது. "டோர் பீடிங் மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். பீடிங், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, காரணமாக இருப்பது குறைவு.

முதலில் அது என்ன தண்ணீர் என்று பாருங்கள். மேட்டிங்கைத் தூக்கி, அடியிலிருக்கும் ஸ்பாஞ்சில் வெள்ளைத் துணியை அழுத்தி எடுங்கள். பச்சை, சிவப்பு என்று சாயம் ஒட்டி, விரலில் வழுவழுப்பாக இருந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். ஹீட்டர் கோரோ (சூடான கூலன்ட் ஓடி உள்காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அதன் ஹோஸ் கிளாம்ப்போ விட்டிருக்கும். ஹீட்டர் போட்டதும் முன்கண்ணாடியில் பிசுக்குப் படலம் படியும், ரிசர்வாயரில் அளவும் இறங்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். ஒழுகலை அடைக்கும் ஸ்டாப்-லீக் மருந்து ஊற்றுவதும் வேண்டாம். ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்கள்தான் முதலில் அடைபடும். அப்புறம் ஊட்டிக் குளிரில் ஹீட்டரே கிடையாது.

நிறமில்லாத தண்ணீர் என்றால், நிறுத்திவைத்த வண்டியில் மழைக்குப் பின் வந்ததா, ஏசி ஓடும்போது வந்ததா என்று கேளுங்கள். ஏசி என்றால், ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் ட்யூப் அடைப்பு. மேட்டுப்பாளையத்தில் ஏசி போட்டு ஏறத் தொடங்கிய வண்டியில், பர்லியார் தாண்டி வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் காலில் சில்லென்று ஊற்றும். ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரின் அடித்தட்டு நிரம்பி, வளைவில் வெளிப்பக்கம் தளும்புகிறது. அவ்வளவுதான். ட்யூபின் வெளிமுனை, எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலுக்குக் கீழே இருக்கும். அங்கே குளவி மண், தூசி, இலைத் துணுக்கு அடைத்திருக்கும். நீளமான நைலான் கேபிள் டையை விட்டு மெதுவாகக் குடையுங்கள். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் விட்டால் உள்ளே தட்டோடு சேரும் இணைப்பு கழன்றுவிடும், பிறகு டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். சரியானதா என்று ஊட்டியில் ஜனவரியில் பார்த்துப் பயனில்லை. காற்று வறண்டிருக்கும், சொட்டு விழாது. ஈரக்காற்று உள்ள இடத்தில் ஏசியை 15 நிமிடம் ஓட்டிவிட்டு அடியில் பாருங்கள்.

குன்னூர் டிங்கர்

மழைத் தண்ணீர் என்றால் நான் கைவைப்பது வைப்பருக்குக் கீழே உள்ள கருப்பு கிரில்லில். அதற்கு அடியில் மழைநீர் விழும் தொட்டியும், அதை வெளியேற்றும் டிரெய்ன் குழாய்களும் இருக்கும். எஸ்டேட் வண்டி என்றால் சில்வர் ஓக் இலை, ஊட்டிப் பக்கம் என்றால் பைன் ஊசியும் சைப்ரஸ் தூளும். பைன் ஊசிதான் மோசம்: கிரில் இடைவெளியில் நட்டுக்குத்தாக இறங்கி, டிரெய்ன் வாயில் குறுக்கே பின்னிக்கொள்ளும், அதன்மேல் தூசி படிந்து தக்கையாகிவிடும். தொட்டி நிரம்பிய தண்ணீர் ப்ளோயருக்குக் காற்றுப் போகும் துவாரம் வழியாக உள்ளே இறங்கும். ஏசி ஒழுகலும் இதுவும் ஒரே இடத்தில் நனைப்பதால்தான் குழப்பம். ப்ளோயர் போட்டதும் சளசளவென்று சத்தம் வந்தால் இதுதான்.

வைப்பர் கைகளைக் கழற்றும் முன் அவை கண்ணாடியில் நிற்கும் இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். கிரில் கிளிப்புகளை நெம்பினால் இரண்டு மூன்று உடையும், கையில் புதிது வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதைக் கையால் அள்ளுங்கள்; தண்ணீர் பீய்ச்சித் தள்ளினால் எல்லாம் டிரெய்ன் குழாய்க்குள்தான் போகும். குழாய் முனையில் வாத்து மூக்கு மாதிரி ரப்பர் இருந்தால் விரலால் பிசைந்து சேற்றை எடுங்கள். பிறகு 5 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் இரண்டு பக்கமும் தாராளமாக இறங்க வேண்டும்.

இதை வண்டி வழக்கமாக நிற்கும் சாய்விலேயே செய்து பாருங்கள். சமதளத்தில் இரண்டு டிரெய்னும் வேலை செய்யும். நம் ஊரில் பாதி வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. தாழ்ந்த பக்கத்து டிரெய்ன் அடைத்திருந்தால் மறுபக்கம் திறந்திருந்து என்ன பயன்? ஒர்க்‌ஷாப் தளத்தில் ஒழுகாத வண்டி வீட்டுக்குப் போனதும் ஒழுகுவதற்குக் காரணம் இதுதான்.

சன்ரூஃப் வண்டிக்கும் அதே கணக்கு. பெரும்பாலானவற்றில் நான்கு மூலையிலும் குழாய் உண்டு. மூக்கு தாழ நின்றால் முன்குழாய்களும், மூக்கு மேலே நின்றால் பின்குழாய்களும்தான் முழுத் தண்ணீரையும் சுமக்கும். மூலைக்கு 200 மில்லி வீதம் ஊற்றி, கீழே வருகிறதா என்று பாருங்கள்.

கோத்தகிரிக்காரர்

கதவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே அண்ணா. கதவுக்குள் தண்ணீர் போவது குற்றமில்லை. கண்ணாடி ஓரமாக இறங்கி, அடியிலுள்ள துவாரம் வழியாக வெளியேறும்படிதான் கதவே அமைந்திருக்கிறது. டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்தான் காவல். ஸ்பீக்கர் மாற்றியவர்களும் பவர் விண்டோ பார்த்தவர்களும் அதைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமலே பேடை மாட்டிவிடுவார்கள். அடையாளம்: கதவோரத்து மேட்டிங் நனைந்திருக்கும், பீடிங் காய்ந்திருக்கும்.

ஃபெவிகாலும் செல்லோ டேப்பும் நிற்காது. பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வாங்கி, பழைய பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இடைவெளி இல்லாமல் சுற்றி ஒட்டுங்கள். ஷீட்டின் அடிவிளிம்பு கதவின் உள்பக்கமாகச் செருகியிருக்க வேண்டும். வெளியே தொங்கினால் வழியும் நீர் நேராக மேட்டிங்குக்குத்தான் வரும். கதவடித் துவாரங்களில் டிங்கரிங் பெயிண்ட் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தலைகுந்தா பக்கத்து வண்டிக்காரர்

கிளாஸ் மாற்றிய வண்டியில் மேல் மூலையில் ஒழுகினது. ஹார்டுவேர் கடை சிலிகானைப் பூசினேன், இப்போதைக்கு நின்றிருக்கிறது. போதாதா?

குன்னூர் டிங்கர்

போதாதுங்க. சாதா சிலிகான் காயும்போது புளித்த வாடை வருகிறதே, அது அசிட்டிக் அமிலம். கண்ணாடி உட்காரும் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிகான் பட்ட இடத்தில் பிறகு கண்ணாடி ஒட்டும் பியூ (பாலியுரித்தேன்) சீலன்ட் ஒட்டாது. சுரண்டிச் சுத்தம் செய்வதற்கே அரைநாள் ஆகும்.

முறையான வேலை: கண்ணாடியை இறக்கி, துருவைத் தகடு தெரியத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டு, புது பாலியுரித்தேன் சீலன்ட்டை அறுபடாத ஒரே வரியாக விட வேண்டும். அது காற்றின் ஈரத்தில் இறுகும் பொருள். 23 டிகிரியில் நாளொன்றுக்குச் சுமாராக 3 எம்எம் ஆழம் இறுகும். டிசம்பர் ஊட்டியில் அதைவிட நேரம் பிடிக்கும். எனவே ட்யூபில் போட்டிருக்கும் நேரத்தை இங்கே அப்படியே நம்பாதீர்கள். முதல் நாள் ஜன்னலை ஒரு இஞ்ச் இறக்கியே வையுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கதவை அறைந்தால் உள்காற்று ஈரச் சீலன்ட்டைத் தள்ளிவிடும்.

ஊட்டி ஆட்டோ எலெக்ட்ரீஷியன்

மூடுபனிக்கென்று ஃபாக் லேம்ப் போட்ட வண்டிகளை மறக்க வேண்டாம். ஃபயர்வாலில் ஒயர் நுழையும் துளைக்குப் போட்டிருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது கிராமெட்டைக் கத்தியால் கீறி ஒயரைச் சொருகியிருப்பார்கள். தண்ணீர் அந்த ஒயர் வழியே நடந்து வந்து ஃப்யூஸ் பாக்ஸின் மேல் சொட்டும். ஒயர் உள்ளே நுழையும் முன் கீழே தொங்கி, ஒரு வளைவு போட்டு மேலேற வேண்டும்; அப்போதுதான் சொட்டு அந்த வளைவின் அடியிலேயே விழும். கீறிய கிராமெட்டுக்குச் சரியான மருந்து புது கிராமெட்தான்.

கூடலூர் மெக்கானிக்

டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்றால் டெய்ல் லேம்ப் கேஸ்கெட், பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்றுப்போக்கி மூடி, கூரை ஓரத்து சீலன்ட் வெடிப்பு, ஆன்டெனா அடி என்று வரிசையாகச் சந்தேகப்படுங்கள். உள்ளே துடைத்துக் காயவைத்து, டால்கம் பவுடரைத் தூவி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியே இருப்பவர் ஹோஸில் நாசில் இல்லாமல், அழுத்தம் இல்லாமல், கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடம் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்துவிடும், எந்த இடம் என்றே தெரியாது. பவுடரில் விழும் கோட்டை மேல்நோக்கிப் பிடித்துப் போங்கள். பிரஷர் வாஷர் எடுத்தால் நல்ல பீடிங்கே ஒழுகும், அது சோதனையே ஆகாது.

இந்தச் சோதனையில் உள்ளே தண்ணீர் வராவிட்டால் ப்ளோயரை வெளிக்காற்றில் முழு வேகத்தில் ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, பின்னால் காற்றுப்போக்கிகளை டேப்பால் மூடி, வெளியே சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை கிளம்புகிற இடம்தான் ஓட்டை.

ஊட்டி ஆட்டோ எலெக்ட்ரீஷியன்

காயவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேல் மேட்டிங் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், அடி ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே ஜூலையில் வெயிலை நம்ப முடியாது. சீட்டை இறக்கி, ஸ்பாஞ்சை வெளியே எடுத்துப் பிழிந்து, வீட்டுக்குள் ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள். வண்டியில் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று வைத்து ஓட்டினால் உள்ளீரம் குறையும்.

சீட்டை இறக்கும் முன் ஒரு விஷயம். அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது விபத்தில் சீட் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் லைன். சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டுத்தான் தொட வேண்டும். திரும்ப மாட்டாமல் சாவியைப் போட்டுவிட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு நின்றுவிடும், பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க முடியும். கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் க்ளீனர் மட்டும் அடியுங்கள், உப்புத்தாள் வேண்டாம்.