பொறி தேடல், கதவு உடைப்பு: உங்கள் மேசையில் எப்படி?

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதாபாத்திர விளையாட்டை 1981 பேசிக் விதிகளில் ஆடும் மேசைகளில் அடிக்கடி நடப்பது இது. 60 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு நடைவழி. பொறி இருக்குமோ என்று பார்ட்டி (ஆட்டக்காரர்களின் பாத்திரக் குழு) அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போகும். பத்தடிக் கட்டம் ஒன்றைத் தேட ஒரு டர்ன், அதாவது 10 நிமிடம். ஆறு கட்டம் முடிவதற்குள் ஒரு தீப்பந்தம் காலி. இரண்டு டர்னுக்கு ஒருமுறை டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆறு முகப் பகடை உருட்டுவார். 1 விழுந்தால் ஏதோ ஒரு அரக்கப் பிராணி வந்து சேரும். மூன்று உருட்டலில் ஒன்றாவது வர 42% வாய்ப்பு. இத்தனைக்கும் பொறி கண்ணில் பட ஆளுக்கு ஆறில் ஒரு வாய்ப்புதான், ட்வார்ஃப் (குள்ளர் இனப் பாத்திரம்) என்றால் இரண்டு. மிதித்தாலும் பொறி இயங்குவது ஆறில் இரண்டு தடவைதான்!

அதனால் டிஎம் சொல்லும் வர்ணனையைக் காதில் வாங்குங்கள். தூசி படியாத ஒரு கல், சுவரில் கரி, நடுவழியில் எலும்பு. அங்கே பார்ட்டியில் நால்வர் சேர்ந்து தேடினால் வாய்ப்பு 52% ஆகிவிடும். மற்ற இடத்தில் நடையைக் கட்டுங்கள். அடையாளமே சொல்லாமல் பொறி வைக்கும் டிஎம், பார்ட்டி ஊர்ந்து போகிறது என்று குறைப்படக் கூடாது.

—

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் (2014) கதவை உடைத்து நுழையும்போது சிக்கல் வேறு. ப்ளெஸ் என்ற ஆசி மந்திரம் நிற்பது ஒரு நிமிடம், அதாவது சண்டையில் 10 ரவுண்டு. அதைப் போட்ட பிறகு "யார் முன்னால போறது?" என்று பேச ஆரம்பித்தால் பாதி அங்கேயே கரைந்துவிடும். மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதால் கதவுக்குள்ளே இருப்பவர்களும் உஷாராகலாம். யார் எங்கே நிற்பது, முதல் அடி யாருக்கு, பின்வாங்கும் வழி எது என்று முடிவு செய்துவிட்டு, ப்ளெஸ் போட்ட கையோடு கதவைத் திறங்கள். எய்ட், மேஜ் ஆர்மர் என்ற மந்திரங்கள் இரண்டும் 8 மணி நேரம் நிற்கும். அவற்றை உள்ளே நுழையும் முன்பே போடலாம்.

பால் பேரிங் பையை (1000 குண்டு, பத்தடிச் சதுரம்) பின்வாங்கும் வழியில் முன்கூட்டியே கொட்டாதீர்கள். பாதி வேகத்துக்கு மேல் போனால் நம் ஆட்களும் கீழே விழாமலிருக்க டெக்ஸ் சேவ் (சுறுசுறுப்புக்கான பகடை) 10 எடுத்தாக வேண்டும். கடைசி ஆள் கடந்த பிறகு கொட்டுங்கள்.

—

பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற கொள்ளைக் கும்பல் விளையாட்டை ஆடுபவர்களுக்கு: டி அண்ட் டி பழக்கத்தில் ஒரு மணி நேரம் திட்டம் போடாதீர்கள். திட்ட வகை ஒன்று, விவரம் ஒன்று, கொண்டுபோகும் பொருட்களின் சுமை எவ்வளவு (3, 5 அல்லது 6) என்று சொல்லிவிட்டு, காரியம் எந்த நிலையில் தொடங்குகிறது என்று காட்டும் எங்கேஜ்மென்ட் ரோலுக்குப் போய்விடுங்கள். காவலாளிக்குக் காசு கொடுத்திருக்க வேண்டுமா? ஃபிளாஷ்பேக்கில் (முன்பே செய்ததாக இப்போது ஆடும் காட்சி) கொடுங்கள், சிக்கலைப் பொறுத்து அதன் விலை 0, 1, 2 அல்லது அதற்கு மேல் ஸ்ட்ரெஸ் (பாத்திரத்தின் மன அழுத்தப் புள்ளி). ஆனால் காவலாளி ஏற்கெனவே மணியடித்துவிட்டால், அந்த மணி அடிக்கவே இல்லை என்று ஃபிளாஷ்பேக்கால் மாற்ற முடியாது.