கடலூர் மஞ்சக்குப்பம் தெரு உறவுகள்: நூலகத்துக்குக் குழந்தைகள் புத்தகம்

சனிக்கிழமை

காலை 7:10, பைண்டிங் கடை அண்ணன்:
அனைவருக்கும் வணக்கம். கடை வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் படித்து முடித்து, அலமாரியில் சும்மா கிடக்கும் கதைப் புத்தகங்களையும் படப் புத்தகங்களையும் அதில் போடுங்கள். கிழிந்ததைத் தைத்து, அட்டை போட்டு, மாவட்ட மைய நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கும் நம் பக்கத்துக் கிளை நூலகங்களுக்கும் கொடுக்கப் போகிறேன். நவம்பர் 14 குழந்தைகள் தினம். அன்று தொடங்கி 20 வரை தேசிய நூலக வாரம். அதற்குள் ஒப்படைத்துவிட வேண்டும்.

காலை 7:12, பைண்டிங் கடை அண்ணன்:
நூலகரிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். "கொண்டு வாருங்கள். பார்த்துத் தேறுவதை எடுத்துக்கொள்கிறோம், தேறாததைத் திருப்பித் தந்துவிடுவோம்" என்றார். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தமிழ்ப் படப் புத்தகங்கள்தான் அங்கே மிகவும் தேவை. அவைதான் அதிகம் கை மாறுகின்றன, அதனால் சீக்கிரம் கிழிகின்றன.

காலை 7:31, மாடி வீட்டு அண்ணி:
மிக நல்ல காரியம் அண்ணா. என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய புத்தகங்கள் பரணில் இரண்டு பை இருக்கின்றன. இன்றே இறக்குகிறேன்.

காலை 7:44, கோடி வீட்டுத் தம்பி:
அண்ணா, என்னிடம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு கைடுகள் ஒரு மூட்டை இருக்கின்றன. போட்டித் தேர்வுப் புத்தகங்களும் உண்டு. மாலை வண்டியில் கொண்டு வரட்டுமா?

காலை 7:52, பைண்டிங் கடை அண்ணன்:
வேண்டாம் தம்பி. தவறாக நினைக்காதே. 2018-லிருந்து பாடத்திட்டமே மாறிவிட்டது, பழைய கைடு யாருக்கும் உதவாது. போட்டித் தேர்வுப் புத்தகங்கள் நல்ல நிலையில் இருந்தால் நூலகத்தில் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பெட்டி குழந்தைகளுக்கு மட்டும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒதுக்கியதை நூலகத்துக்கு அனுப்பினால், அங்கே இருப்பவருக்குப் பிரித்துப் போடும் வேலைதான் மிஞ்சும்.

காலை 8:05, டீச்சர் அக்கா:
பைண்டிங் கடைத் தம்பி சொல்வது சரி. நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. பெட்டியில் போடும் முன் ஒவ்வொருவரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் புத்தகத்தை எந்தக் குழந்தை விரும்பி எடுக்கும்? ஒரு குழந்தையும் மனத்தில் வரவில்லையென்றால் போடாதீர்கள்.

காலை 8:07, கோடி வீட்டுத் தம்பி:
புரிந்தது டீச்சர். கோகுலம், துளிர் சிறுவர் இதழ்கள் சில வீட்டில் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்கிறேன்.

காலை 8:09, பைண்டிங் கடை அண்ணன்:
அருமை! உதிரி இதழ்களாக இருந்தாலும் பரவாயில்லை. வருட வாரியாக அடுக்கிக் கொடு, நான் ஒரே தொகுப்பாகக் கட்டித் தருகிறேன்.

காலை 9:20, தபால் சார்:
ஒரு கேள்வி. சொத்து வரி ரசீதை எல்லோரும் எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கும். சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்படி இந்த வரி உள்ளாட்சியிலிருந்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். நாம் வரியும் கட்டிவிட்டு, புத்தகமும் கொடுத்துவிட்டு இருந்தால், புத்தகம் வாங்க வேண்டிய பொறுப்பு யாருக்கு இருக்கும்?

காலை 9:26, மாடி வீட்டு அண்ணி:
சார், நல்லது செய்யும்போது இப்படிக் கேட்கலாமா?

காலை 9:33, பைண்டிங் கடை அண்ணன்:
அண்ணி, சார் கேட்டது நியாயமான கேள்விதான். சார், நான் இதை யோசிக்காமல் இல்லை. புதிய நூல் வாங்குவதும் கட்டடமும் ஆட்களும் அந்த வரிப் பணத்தில்தான் நடக்க வேண்டும். பல ஊர்களில் வசூலான நூலக வரியைக் கொடுக்காமல் நிலுவை வைத்திருப்பதாகச் செய்தித்தாளில் படிக்கிறோம். அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டுப் பரணில் இருக்கும் நல்ல புத்தகம் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் வராது. அதை வெளியே எடுத்து ஒரு குழந்தையின் கையில் சேர்க்க நம்மைத் தவிர ஆள் கிடையாது. இன்று நான்கு வயதில் இருக்கும் குழந்தைக்கு, மனு மேலே போய்த் திரும்பி வருவதற்குள் ஏழு வயதாகிவிடும் சார்.

காலை 9:41, தபால் சார்:
இதை ஏற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. புத்தகத்தோடு ஒரு கடிதமும் போக வேண்டும். நம் மாநகராட்சி நூலக வரியாக எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு ஒப்படைத்தது என்று கேட்டு. நான் எழுதுகிறேன், தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

காலை 9:42, பைண்டிங் கடை அண்ணன்:
முதல் கையெழுத்து என்னுடையது.

காலை 9:42, டீச்சர் அக்கா:
இரண்டாவது என்னுடையது.

காலை 11:15, நர்ஸ் அக்கா:
இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். என் பையன் எல்லாப் புத்தகத்திலும் கிரேயானால் கிறுக்கியிருக்கிறான். சிலவற்றில் பக்கமும் இல்லை. கொடுக்கலாமா தம்பி?

காலை 11:28, பைண்டிங் கடை அண்ணன்:
பென்சில் கிறுக்கலை ரப்பரால் அழித்துவிடலாம். ஓரத்தில் கிரேயான் இருந்தால் இருக்கட்டும் அக்கா. முதுகு பிரிந்தது, தாள் கழன்றது, அட்டை கிழிந்தது எல்லாவற்றையும் என்னால் சரி செய்ய முடியும். ஆனால் பக்கம் இல்லாத புத்தகம் வேண்டவே வேண்டாம். கதையின் முடிவுக்காக ஆவலோடு புரட்டும் குழந்தைக்குக் கடைசித் தாள் இல்லையென்றால் அது பெரிய துரோகம்.

காலை 11:30, பைண்டிங் கடை அண்ணன்:
எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டிக் கொண்டு வராதீர்கள். சில வருடங்களில் அது மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்துத் தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் படமும் கூடவே உரிந்து வரும். கிழிந்தது கிழிந்தபடியே கொடுங்கள். மெல்லிய தாளும் மாவுப் பசையும் வைத்து நான் ஒட்டுகிறேன். வழக்கமாகப் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்போம். அது விஷம், சின்னக் குழந்தைகள் புத்தகத்தை வாயில் வைப்பார்கள். அதனால் இந்த வேலைக்குத் துத்தம் சேர்க்காமல் அன்றன்றைக்குப் புதுப் பசை காய்ச்சப் போகிறேன்.

பகல் 12:02, மாடி வீட்டு அண்ணி:
பை இரண்டையும் இறக்கிவிட்டேன். படப் புத்தகங்கள் பலவற்றில் நடுவில் பின் அடித்த இடம் துருப்பிடித்துத் தாள் பழுப்பாக இருக்கிறது. பரணில் பத்திரமாகத்தானே வைத்திருந்தோம்?

பகல் 12:10, பைண்டிங் கடை அண்ணன்:
கடற்கரையிலிருந்து நாம் எவ்வளவு தூரம் அண்ணி? உப்புக் காற்றுக்குப் பரண் ஒரு தடையா? கடலூரில் பின் அடித்த எந்தப் புத்தகத்துக்கும் இதுதான் கதி. துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு, அதே துளைகளில் நூல் கோத்துத் தைத்துவிட்டால் போதும். நூல் துருப்பிடிக்காது. உண்மையில் இந்தப் பெட்டியை வைக்க எனக்குத் தோன்றியதே இதனால்தான். நூலகத்தில் பைண்டிங் வேலைக்குப் போனபோது, உள்ளே படங்கள் புதிதுபோல இருக்க, இரண்டு பின்கள் துருப்பிடித்துக் கழன்றதால் மட்டுமே ஒதுக்கி வைத்திருந்த சிறுவர் நூல்களைப் பார்த்தேன். மனம் பொறுக்கவில்லை.

பகல் 12:14, நர்ஸ் அக்கா:
அந்தத் தையல் கடினமா? எனக்கு ஊசி பிடிக்கத் தெரியும்.

பகல் 12:16, பைண்டிங் கடை அண்ணன்:
மூன்று துளைத் தையல்தான் அக்கா. வெளியிலிருந்து நடுத் துளையில் நுழைத்து, மேல் துளையில் வெளியே இழுத்து, கீழ்த் துளையில் உள்ளே விட்டு, மறுபடி நடுத் துளை வழியாக வெளியே வந்து முடிச்சுப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடையில் உட்காரலாம், வருபவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். நூலும் அட்டைக்கு ஒட்டும் காலிகோ துணியும் கடையிலேயே இருக்கின்றன, யாரும் காசு தர வேண்டாம்.

மாலை 4:40, புதுவை சித்தி:
இங்கே அலுவலகத்தில் சொன்னேன், சிலர் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் எல்லாமே ஆங்கிலப் புத்தகங்கள். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலான் நூலகம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கில நூல்களை அங்கே கேட்டுப் பார்க்கவா, அல்லது கடலூருக்கு பஸ்ஸில் எடுத்து வரவா?

மாலை 4:58, டீச்சர் அக்கா:
உங்கள் ஊர் நூலகத்தில் முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டும் என்றால் அங்கேயே கொடுப்பதுதான் முறை. இங்கே தமிழ்தான் பஞ்சம். நம் தெருவிலேயே பாருங்கள், வசதியான வீடுகளில் குழந்தைகளுக்கு வாங்குவதெல்லாம் ஆங்கிலம். நூலகத்துக்கு வரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவது தமிழ். கொடுக்கிறவர் வீட்டில் இருப்பது ஒன்று, படிக்கிறவருக்கு வேண்டியது வேறு. அதனால் ஆங்கிலப் புத்தகம் கொடுப்பவர்கள் கூடவே ஒரு புதிய தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள தூலிகா போன்ற பதிப்பகத்தின் இருமொழி நூல் என்றால் இன்னும் நல்லது, ஒரு மொழி தெரிந்த குழந்தை இன்னொன்றைத் தானே பிடித்துக்கொள்ளும்.

மாலை 5:03, புதுவை சித்தி:
செய்கிறேன் அக்கா. தமிழ் நூல்களுக்கு என் பங்காகப் பணமும் அனுப்புகிறேன்.

மாலை 5:05, பைண்டிங் கடை அண்ணன்:
பணம் வேண்டாம் அம்மா. புத்தகமாகவே வாங்கி அனுப்புங்கள். பணம் என்று வந்துவிட்டால் கணக்கு, வழக்கு என்று ஆகிவிடும்.

மாலை 6:20, கோடி வீட்டுத் தம்பி:
அண்ணா, ஒரு யோசனை. புத்தகம் கொடுப்பவர்களுக்கு உங்கள் கடையில் நோட்டுப் புத்தகத்துக்குத் தள்ளுபடி கொடுக்கலாமே? உள்ளே உங்கள் கடைப் பெயரில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டலாம். கூட்டம் வரும், உங்களுக்கும் விளம்பரம்.

மாலை 6:45, பைண்டிங் கடை அண்ணன்:
நல்லெண்ணத்தில் சொல்கிறாய் தம்பி. தள்ளுபடி கொடுத்தால் தள்ளுபடிக்காகப் புத்தகம் வரும், எதையாவது கொண்டுவந்து போடுவார்கள். ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு மனமில்லை. நூலகப் புத்தகத்தில் நூலக முத்திரையும் பதிவு எண்ணும்தான் இருக்க வேண்டும். இந்தக் கடை முப்பது வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகள் வாங்கிய நோட்டில்தான் நடந்தது, அந்த விளம்பரமே போதும்.

மாலை 6:48, தபால் சார்:
நன்றாகச் சொன்னீர்கள்.

இரவு 8:10, நர்ஸ் அக்கா:
இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. நான் பணிக்குப் போகும் கடலோர ஊர்களில் பக்கத்தில் நூலகமே இல்லாத குழந்தைகள் நிறைய. டவுனில் கொடுத்தால் அவர்கள் எப்படி வந்து எடுப்பார்கள்? நேரடியாக அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே?

இரவு 8:22, டீச்சர் அக்கா:
நேரில் கொடுத்தால் ஒரு வீட்டில் ஒரு குழந்தை படித்து முடித்ததோடு அது நின்றுவிடும். நூலகப் பதிவேட்டில் ஏறினால் வருடக்கணக்கில் சுற்றும். ஆனால் உன் கவலை உண்மையானது. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அது முடிந்தது என்றால் இன்று முடியாமல் போகுமா? ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எந்தெந்த ஊரில் இருக்கிறது, எங்கே இல்லை என்று நீ குறித்துக் கொடு. திங்கட்கிழமை நூலகரிடம் பேசும்போது அந்த ஊர்களுக்கு ஒரு பங்கு கேட்கலாம்.

இரவு 8:25, தபால் சார்:
அந்தப் பட்டியலை என் கடிதத்திலும் சேர்க்கிறேன். இல்லாத ஊருக்குப் பகுதி நேர நூலகமாவது வேண்டும் என்று கேட்போம்.

இரவு 8:51, மாடி வீட்டு அண்ணி:
அண்ணா, 2015 வெள்ளத்தில் நனைந்து காய வைத்த புத்தகங்களும் இருக்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, முகர்ந்தால் ஒரு நெடி.

இரவு 9:00, பைண்டிங் கடை அண்ணன்:
அந்த நெடி பூஞ்சணம் அண்ணி. அவற்றைத் தனியே வையுங்கள், பெட்டியில் சேர்க்காதீர்கள். ஒன்று போனால் அலமாரி முழுக்கப் பரவும், மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கும் ஆகாது. ராமபாணப் பூச்சி அரித்தது மட்டும் என்றால் கொடுங்கள். பாலிதீன் உறையில் காற்றுப் போகாமல் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி செத்துவிடும். வெள்ளத்தில் நனைந்தவற்றில் எது வேண்டும் என்று உங்களுக்கே தோன்றுகிறதோ அதை மட்டும் காட்டுங்கள், புதிதாக ஒரு பிரதி கிடைக்குமா என்று நான் விசாரிக்கிறேன்.

இரவு 9:04, மாடி வீட்டு அண்ணி:
நன்றி அண்ணா. பிறந்தநாளுக்கு அவள் மாமா எழுதிக் கொடுத்த வரிகள் சில புத்தகங்களின் முதல் தாளில் இருக்கின்றன. அந்தத் தாளை எடுத்துவிட வேண்டுமா?

இரவு 9:06, பைண்டிங் கடை அண்ணன்:
வேண்டாம், அப்படியே இருக்கட்டும். முகவரியோ தொலைபேசி எண்ணோ இருந்தால் மட்டும் அதை மறைத்துவிடுங்கள்.

இரவு 9:15, டீச்சர் அக்கா:
இந்த வாரத்திலேயே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் குழந்தையை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். புத்தகம் கொடுத்துவிட்டு நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லையென்றால் எப்படி? படிவம் நூலகத்திலேயே கிடைக்கும், முகவரிச் சான்று எடுத்துப் போங்கள்.

இரவு 9:18, நர்ஸ் அக்கா:
செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை, பையனை அழைத்துப் போகிறேன். தம்பி, ஞாயிறு எத்தனை மணிக்கு வரட்டும்?

இரவு 9:20, பைண்டிங் கடை அண்ணன்:
மூன்று மணிக்கு வாருங்கள் அக்கா. மழை வரும்போல் இருக்கிறது, புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டு வாருங்கள். கடை பூட்டியிருக்கும் நேரத்தில் பெட்டி நனையக் கூடாது என்று அதை உள்ளே எடுத்துவிட்டேன். கதவைத் தட்டினால் போதும்.