பழைய படகு விளம்பரங்களில் எழுத்துப்பிழை: சிரிக்கலாமா, கூடாதா?

பிழைதேடி:

பழைய படகுகளை விற்பதற்காக முகநூல் குழுக்களிலும் வாட்ஸ்அப்பிலும் நாளிதழ்களின் வரி விளம்பரப் பகுதியிலும் வருகின்ற அறிவிப்புகளை நான் விடாமல் வாசித்து வருகிறேன். படகு வாங்கும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. அவற்றிலுள்ள எழுத்துப்பிழைகளே என்னை அங்கே இழுக்கின்றன. தொலைபேசி எண், பதிவெண், ஊர்ப்பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டுச் சில மாதிரிகளைத் தருகிறேன்.

“வசைப்படகு விற்பனைக்கு. குரைந்த விலை. உடனே அழிக்கவும்.” விசைப்படகைத்தான் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆயினும் வாய்க்கு வந்தபடி ஏசுகின்ற ஒரு படகையும், இதுவரை குரைத்து ஓய்ந்த ஒரு விலையையும், ‘அழைக்கவும்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வாங்க வருபவருக்கு இடப்பட்ட கட்டளையையும் ஒருசேர வாசித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பது எளிதன்று.

“பழைய தோனி. வயதானாலும் நல்ல ஓட்டம்.” தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் செல்கின்ற மரக்கலமாகிய தோணியைப் பற்றியது இது. ஒரு சுழி குறைந்ததால் கிரிக்கெட் ரசிகர்கள் ஆட்சேபிக்க முடியாத ஓர் உண்மையாகிவிட்டது.

“துரைமுகத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.” எந்தத் துரை, அவர் தம் முகத்தில் எத்தனை அடி நீளப் படகை நிறுத்தியிருக்கிறார் என்ற விவரம் இல்லை.

“அநியாயம் புதிதாகக் கட்டியது. அமரம் பழையது.” படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். அணியத்தை அறியாத கைபேசி தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுவிட்டது.

“போட்டு விற்கப்படும். ஓட்டை நன்றாக உள்ளது.” ஓட்டத்தைத்தான் சொல்ல வந்தார். என் சேகரிப்பில் இதைவிட நேர்மையான விளம்பரம் கிடையாது.

பொதுவில் வைத்த எழுத்தைப் பொதுவில் சிரிப்பதில் தவறு இல்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லலாம்.

நெய்தல்மகள்:

மாற்றுக் கருத்து இருக்கிறது, ஐயா. நான் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பிறந்து, அங்கேயே பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆகவே பிழையைப் பிழை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை. என் ஆட்சேபம் வேறு. நீங்கள் தந்திருக்கும் மாதிரிகளில் ஒன்றுகூட அந்த விளம்பரம் யாருக்காக எழுதப்பட்டதோ அவரைக் குழப்பியிருக்காது. தோணி வாங்க வந்தவர் மட்டையாளரை நினைத்திருக்கமாட்டார். அணியம் எது, அமரம் எது என்று அறிந்தவருக்கு அந்த ‘அநியாயம்’ கண்ணில்கூடப் பட்டிருக்காது. படகைப் பற்றி ஒன்றும் அறியாத, படகு வாங்கும் எண்ணமும் இல்லாத ஒருவர் வந்து வாசிக்கும்போதுதான் அங்கே நகைச்சுவை பிறக்கிறது. அப்படியானால் அது விளம்பரத்தின் குறையா, அழையாமல் வந்த வாசகரின் குறையா?

மேலும், ஆங்கில ‘போட்’டை (படகை) ‘போட்டு’ என்று எழுதுவது எப்படிப் பிழையாகும்? பிறமொழிச் சொல்லின் ஈற்றில் உகரம் சேர்த்து ஒலிப்பது நம் வழக்கம். எந்திரப் படகைக் குறிக்கும் ‘லாஞ்சு’ அப்படி வந்த சொல்தான். அதை எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. ‘போட்டு’ என்று எழுதினால் மட்டும் சிரிக்கிறீர்கள்.

கடன் தவணை கட்டாத படகுகளை ஏலம் விடுவதாக வருகின்ற அறிவிப்புகளையும் நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல், எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே முழுப் பத்தி கிடக்கின்ற அந்தத் தமிழை எழுதியவர்கள் பட்டதாரிகள். அவற்றை ஏன் யாரும் சேகரிப்பதில்லை? தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது, முத்துக்குளித்துறைக் கடலோர மக்களுக்காக. எழுத்தைக் கண்டு மருள்கின்ற கூட்டம் என்று எங்களைப் படம் பிடிப்பவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிழைதேடி:

கடலோர மக்களை நான் எங்கே இழிவுபடுத்தினேன், அம்மா? எழுதியவர் மீனவரா, தரகரா, அவர்களுக்காகத் தட்டச்சு செய்துகொடுத்த கடைக்காரரா என்பதே எனக்குத் தெரியாது. பெயரையும் எண்ணையும் நீக்கிய பின் மிஞ்சுவது எழுத்து மட்டும்தான். நான் சிரிப்பது அந்த எழுத்தைப் பார்த்து. ‘லாஞ்சு’க்குத் தமிழில் வேறு பொருள் இல்லை, ‘போட்டு’க்கு உண்டு. “போட்டு விற்கப்படும்” என்றால் எதைப் போட்டு என்று மனம் தானாகக் கேட்கிறது. ஏல அறிவிப்புகளை அனுப்பி வையுங்கள், அவற்றையும் இங்கே மகிழ்ச்சியுடன் இடுகிறேன். ஆனால் அவற்றில் சிரிப்பு வருவதில்லை, கொட்டாவிதான் வருகிறது. சேகரிக்காததற்குக் காரணம் அதுவே.

கரைத்தரகர்:

பழைய படகுகளை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்று பேசி முடிப்பது என் தொழில், நாகப்பட்டினம் பக்கம். இரண்டு பேரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். லகரமும் ளகரமும் மாறியதால் முறிந்துபோன வியாபாரம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. வியாபாரத்தை முறிக்கின்ற பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து யாரும் சிரிப்பதும் இல்லை.

முதலாவது, புள்ளி. கண்ணாடியிழைப் படகில் மாட்டுகின்ற வெளிப்பொருத்து எஞ்சின் பெரும்பாலும் 9.9 குதிரைத்திறன் கொண்டது. விளம்பரத்தில் புள்ளி விடுபட்டு 99 என்று வந்துவிடும். தொழிலில் இருப்பவர் அதைத் தானாகவே திருத்தி வாசித்துக்கொள்வார். முதன்முறையாகப் படகு வாங்குபவர், அதிலும் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை ஊரில் முதலீடு செய்ய நினைப்பவர், பெரிய எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது என்று நம்பி முன்பணம் அனுப்பிவிடுகிறார். அதன் பிறகு நடக்கின்ற பஞ்சாயத்தில் நடுவே நிற்பவன் நான்.

இரண்டாவது, பதிவெண். நம் மாநிலப் படகுகளின் பதிவெண்ணில் ‘ஐஎன்டி டிஎன்’ என்பதற்குப் பின்னால் மாவட்டத்துக்கு உரிய எண் வரும். நாகப்பட்டினத்துக்கு 06, இராமநாதபுரத்துக்கு 10. அதற்கு அடுத்து ‘எம்எம்’ என்று இருந்தால் விசைப்படகு, ‘எம்ஓ’ என்று இருந்தால் எந்திரம் பொருத்திய நாட்டுப்படகு. இந்த ஓரெழுத்து மாறினால் என்ன ஆகும்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்க வேண்டும், நாட்டுப்படகு கடலுக்குப் போகலாம். வரிவிலக்கு டீசல் இரண்டுக்கும் ஒரே அளவில் கிடைக்காது. பெயர்மாற்றத்துக்காக மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் போய் நிற்கும்போதுதான் வாங்கியவருக்கு எழுத்து மாறிய கதை தெரியவரும்.

மூன்றாவது, பிழையே இல்லாத விளம்பரம். “நல்ல நிலையில் உள்ளது, சிறு பராமரிப்பு மட்டும் தேவை” என்று ஒற்றுப் பிசகாமல் எழுதியிருப்பார்கள். நேரில் போனால் அடிப்பலகை உளுத்திருக்கும். ‘ஓட்டை நன்றாக உள்ளது’ என்று எழுதியவரிடம் நான் தைரியமாகப் போய் விலை பேசுவேன்.

ஏட்டுச்சுவடி:

சுவையான விவாதம். ஆனால் இந்தப் பிழைகள் எப்படிப் பிறக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுகின்ற கைபேசி முறையில் பெரும்பாலானவர்கள் எழுதுகிறார்கள். அந்த முறையில் ‘எல்’ என்ற எழுத்தைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது லகரம். ‘ஆர்’ என்று தட்டினால் ரகரம். ‘என்’ என்று தட்டினால் னகரம். துறைமுகம் துரைமுகமாவதும், தோணி தோனியாவதும், வள்ளம் வல்லமாவதும் இதனால்தான். ‘அழைக்கவும்’ என்று தட்டும்போது நடுவில் ‘ஏ’ என்ற ஓர் ஆங்கில எழுத்து விடுபட்டால் ‘அழிக்கவும்’ வந்துவிடும். ‘ஐ’ என்ற எழுத்துக்குப் பதிலாக ‘ஏ’யில் விரல் பட்டால் விசைப்படகு வசைப்படகாகும். ஆகவே பிழைதேடி இதை அறியாமை என்று கொள்ளவும் வேண்டாம், நெய்தல்மகள் இதை வட்டார வழக்கு என்று காக்கவும் வேண்டாம். குமரி மாவட்டத்துப் பேச்சில் ரகர றகர வேறுபாடு இன்றும் காதில் விழும்படி நிற்கிறது; ஆனால் குளச்சல் பக்கத்திலிருந்து வருகின்ற விளம்பரங்களிலும் ‘துரைமுகம்’ இருக்கிறது. நாக்கு சரியாகச் சொன்னதை விரல் மாற்றிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நெய்தல்மகள்:

சான்று அரைப் பங்குக்குத்தான் பொருந்தும், ஐயா. மீன் ஏலக்கூடத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் “வளை விற்பனைக்கு” என்று எழுதியிருப்பதை நான் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். அங்கே எந்தக் கைபேசி இருந்தது? அதைவிட நல்ல சான்று ஒன்று பிழைதேடியாரின் கண்ணில் பட்டிருக்கும்: “படகு ஒளுகாது.” நீங்கள் சொல்கின்ற முறையில் விரல் தவறியிருந்தால் ‘ஒலுகாது’ என்றுதான் வந்திருக்க வேண்டும். இவரோ லகரத்தை ஒதுக்கிவிட்டு, ளகரத்தைத் தேடி எடுத்து இட்டிருக்கிறார். தென் மாவட்டங்களில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. அவர் தம் காதில் கேட்டதை நேர்மையாக எழுதினார். ஒரே விளம்பரத்தில் விரலின் பிழையும் நாக்கின் பழக்கமும் சேர்ந்தே இருக்கலாம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுச் சிரிப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

பிழைதேடி:

“படகு ஒளுகாது” என்னிடம் உண்டு. காதில் கேட்டபடி எழுதினால் நேர்மை என்றால், நீங்கள் வகுப்பில் ‘மளை’ என்று எழுதுகின்ற மாணவனுக்கு முழு மதிப்பெண் தருகிறீர்களா?

நெய்தல்மகள்:

தருவதில்லை. திருத்திக்கொடுக்கிறேன். ஆனால் அவன் விடைத்தாளை ஊர் பார்க்கச் சுவரில் ஒட்டுவதில்லை.

சுக்கான்:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 28 அடிக் கண்ணாடியிழை வள்ளம் ஒன்றை இப்படிப்பட்ட பிழையினால்தான் வாங்கினேன். விற்பனைத் தளத்தில் ‘வள்ளம்’ என்று தேடினால் வந்தவை எல்லாம் பலர் பார்த்து விலை ஏறிக் கிடந்தவை. ‘வல்லம்’ என்று மாற்றித் தேடினேன். தஞ்சாவூருக்குப் பக்கத்திலுள்ள வல்லத்தில் வீட்டுமனைகள் வரிசையாக வந்தன. அந்த மனைகளுக்கு நடுவே யாருமே பார்க்காத ஒரு படகு நின்றது. விலையும் படிந்துவிட்டது. அன்று முதல் நண்பர்களுக்கு வலை வேண்டுமென்றால் ‘வளை’ என்றும் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். வளையல் கடைகளைக் கடந்து போகும் பொறுமை இருக்க வேண்டும்.

பிழைதேடி:

நெய்தல்மகள் இதைக் கவனிக்க வேண்டும். பிழையினால் யாருக்கும் குழப்பம் இல்லை என்றார்கள். இங்கே விற்றவருக்கு வர வேண்டிய வாடிக்கையாளர்கள் வராமலே போயிருக்கிறார்கள், அவர் குறைந்த விலைக்கு இறங்கியிருக்கிறார். பக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே “அது வள்ளம், வல்லமன்று” என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பணம் மிஞ்சியிருக்கும்.

நெய்தல்மகள்:

சிரிக்காமலும் சொல்லியிருக்கலாம். மேலும், இது அவர் செய்த பிழை என்பதைவிடத் தளத்தை அமைத்தவர்களின் குறை என்பேன். மகிழுந்து விற்பவருக்கு நிறுவனம், வகை, ஆண்டு எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வழி வைத்திருக்கிறார்கள். படகு விற்பவரோ ‘இதர வாகனங்கள்’ என்ற மூலையில் எல்லாவற்றையும் தாமே எழுத வேண்டியிருக்கிறது. வள்ளம், வத்தை, தோணி, விசைப்படகு என்று ஒரு பட்டியலை அங்கே வைத்தால் பிழைதேடியாருக்குச் சேகரிக்க ஒன்றும் இருக்காது.

ஏட்டுச்சுவடி:

அந்தப் பட்டியலைத் தயாரிப்பவரும் கைபேசியில்தான் தட்டுவார் என்பதை மறந்துவிடாதீர்கள். ‘வத்தை’ என்பதை ‘வாத்து’ என்று திருத்திவிட்டு, தெரியாமலே வெளியிட்டுவிடுவார்.

கரைத்தரகர்:

தளம் எல்லாம் எத்தனை பேருக்கு? எங்கள் பக்கம் பாதிப் படகு தடைக்காலத்தில், பழுதுபார்க்கக் கரையேற்றியிருக்கும்போது, பக்கத்து ஊர்க்காரரிடமே விலை பேசி முடிந்துவிடும். விளம்பரம் போடுகிறவர்களிடம் நான் எழுத்தைத் திருத்தச் சொல்வதில்லை. பதிவெண் தெரிகின்ற மாதிரி ஒரு படம், எஞ்சினில் பதித்த தகட்டுக்கு ஒரு படம் வைக்கச் சொல்கிறேன். குதிரைத்திறனை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்கிறேன். ‘9.9, ஒன்பது புள்ளி ஒன்பது’ என்று இருந்தால் போதும்.

பிழைதேடி:

அதையும் ‘ஒன்பது புல்லி’ என்று எழுதுவார்கள்.

கரைத்தரகர்:

எழுதட்டும் ஐயா. 99 என்று நம்பி யாரும் முன்பணம் அனுப்பமாட்டார்கள்.