பத்திரப்பதிவுக்கு ஒன்பது நாள்; இப்போது போய் நாலு லட்சம் குறைக்கச் சொல்கிறார்

உறையூர்க்காரன்:
வணக்கம். அப்பா காலமான பிறகு திருச்சி உறையூர் வீட்டை நானும் தங்கையும் சேர்ந்து விற்கிறோம். 1,200 சதுர அடி மனை, 1994இல் கட்டிய தரைத்தளம், மாடியில் அப்பா பிற்பாடு எழுப்பிய ஒரு அறை. 62 லட்சத்துக்குப் பேசி முடித்து, ஆனியில் 5 லட்சம் அட்வான்ஸ் வாங்கி, அக்ரிமெண்டையும் பதிவு செய்துவிட்டோம். ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை கிரயம். இன்னும் ஒன்பது நாள்தான்.

நேற்று ராத்திரி வாங்குபவர் போன் செய்தார். சுவரில் ஓதம் இருக்கிறதாம், போர் தண்ணீர் உப்பாம், நாலு லட்சம் குறைத்தால்தான் முடியுமாம். மனிதர் இதுவரை நாலு தடவை வந்து வீட்டைப் பார்த்திருக்கிறார். அந்தத் தண்ணீரில் போட்ட காபியையும் குடித்துவிட்டுத்தான் போனார். புரோக்கரோ, "விடுங்க சார், நல்ல பார்ட்டி, நாலுதானே" என்கிறார். இது போதாதென்று, வரி என்று சொல்லி 62,000 ரூபாயைப் பிடித்துக்கொள்ளப் போகிறாராம்.

இது கடைசி நேர மிரட்டலா? ஒப்பந்தத்தை ரத்து செய்து அட்வான்ஸை வைத்துக்கொள்ளலாமா?

வாடகைவீடேசுகம்:
அட்வான்ஸைத் தராதீங்க சார். அடுத்த பார்ட்டியைப் பாருங்க. அவ்வளவுதான்.

பழைய ஆவண எழுத்தர்:
மேலே சொன்னவர் பேச்சைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள் தம்பி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். நீங்களும் செய்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அது உங்கள் கையையும் கட்டும். சொத்தின் மேல் பதிவானதையெல்லாம் காட்டுகிற வில்லங்கச் சான்றை இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒப்பந்தம் அதில் நிற்கும். அது நிற்கும்வரை அடுத்து வருகிறவருடைய வங்கி லோன் கொடுக்காது. அதை நீக்க ரத்து ஆவணம் வேண்டும், அதில் இப்போது வாங்குகிற இவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். 5 லட்சத்தைப் பறிகொடுத்தவர் உங்களுக்காக சார்பதிவாளர் அலுவலக வாசலில் வந்து நிற்பாரா? கெடு முடிந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் அவர் வழக்கும் போடலாம். "நான் பணத்தோடு தயாராக இருந்தேன்" என்று அவர் நிரூபிக்க வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் வழக்கு நடக்கிறவரை வீடு பூட்டியே கிடக்கும்.

அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வதும் நினைத்தபடி நடக்காது. ஒப்பந்தத்தில் அதற்குத் தெளிவான வாசகம் இருக்க வேண்டும். தவறியது அவர்தான், நீங்கள் தயாராகவே இருந்தீர்கள் என்று காட்டக் காகிதம் வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்தத் தொகை அந்த வருட வருமானத்தில் சேர்ந்து வரி வரும்.

62,000 விஷயத்தில் அவர் பேரில் தப்பு இல்லை. 50 லட்சமோ அதற்கு மேலோ போகிற சொத்தில் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டியாக வேண்டும். நீங்கள் இரண்டு பேர் என்பதால் ஆளுக்கு 31,000 தனித்தனியாகக் கட்டச் சொல்லி, சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். தங்கையின் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இணையாமல் இருந்தால் 1 சதவீதம் 20 சதவீதம் ஆகிவிடும்.

தில்லைநகர் டீக்கடை:
ஒரு வழி இருக்கு சார். பத்திரத்தில் 58 போடுங்க, மீதி நாலைக் கையில் வாங்கிக்குங்க. அவருக்கும் முத்திரைக் கட்டணம் மிச்சம்.

பழைய ஆவண எழுத்தர்:
வேண்டவே வேண்டாம். முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். நாலு லட்சத்துக்கு அவருக்கு மிச்சம் 36,000. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. லாபம் அவருக்கு, தலைவலி உங்களுக்கு.

சுண்ணாம்பும் செங்கலும்:
நான் சிவில் என்ஜினியர். வங்கிகளுக்கு வீட்டு மதிப்பீடு செய்கிற வேலை. உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது ஓதமோ உப்புத் தண்ணீரோ இல்லை, "பிற்பாடு எழுப்பிய ஒரு அறை". அதற்கு மாநகராட்சி அனுமதி வாங்கிய வரைபடம் இருக்கிறதா?

இல்லையென்றால் கதை இப்படி இருக்கலாம். வங்கி ஆள் வந்து அளந்திருப்பார். அனுமதி இல்லாத அறையைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். 62க்குப் பதில் 58 என்று எழுதியிருந்தால், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம் என்பதால், 49.6 லட்சம் எதிர்பார்த்தவருக்கு 46.4தான் கிடைக்கும். 3.2 லட்சம் துண்டு விழும். கடன் குறைந்துவிட்டது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்தான் ஓதம், உப்பு, வாஸ்து என்று சுவரைப் பிடிப்பார்கள். வாராவாரம் பார்க்கிறேன்.

அதனால் முதலில் விலை பேசாதீர்கள். "மதிப்பீட்டு அறிக்கையையும் கடன் அனுமதிக் கடிதத்தையும் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். காட்டினால் பேசலாம். காட்டாமல் மழுப்பினால் அது வெறும் பேரம். அப்போது வக்கீல் மூலம், "வெள்ளிக்கிழமை பத்திரத்தோடு தயாராக இருக்கிறோம்" என்று எழுத்தில் அனுப்பிவிட்டு, அன்றைக்கு அலுவலகத்துக்கும் போய் நில்லுங்கள்.

இன்னொரு கேள்வி. உங்களுக்குப் பணம் அவசரம் என்று யாருக்காவது தெரியுமா?

உறையூர்க்காரன்:
மாடி அறைக்கு வரைபடம் கிடையாது. பெருங்களத்தூரில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன், மாதக் கடைசியில் அடுத்த தவணை. அதைப் புரோக்கரிடம் சொன்னது நான்தான். ஏதோ பேச்சுவாக்கில்.

சுண்ணாம்பும் செங்கலும்:
அப்புறம் என்ன சார், உங்கள் தவணைத் தேதி வாங்குபவருக்கு மனப்பாடம்! ஃபிளாட் கட்டுபவரிடம் பேசி ஒரு மாதம் தள்ள முடியுமா பாருங்கள். அது முடிந்தபிறகு வாங்குபவரைப் புரோக்கர் இல்லாமல் நேரில் பாருங்கள்.

உறையூர்க்காரன் (ஆறு நாள் கழித்து):
தவணையை ஒரு மாதம் தள்ளியாயிற்று, வட்டியோடுதான். அப்புறம் தங்கையையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். அறிக்கையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் எடுத்து வந்தார். என்ஜினியர் சார் சொன்னபடியே 58 லட்சம், "மாடி அறை சேர்க்கப்படவில்லை" என்று எழுதியிருந்தது. ஓதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அந்த அறை எங்கள் பக்கக் குறைதான். நாங்கள் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். அதற்காக 1.25 லட்சம் குறைத்தோம். 60.75. வங்கி 46.4 தரும். 14.35 லட்சம் அவர் கைக்காசு. முதலில் 12.4தான் போட்டு வைத்திருந்தார். குறைகிற 1.95க்குச் சீட்டு எடுக்க நாள் கேட்டார். விலையில் இதற்கு மேல் இறங்க மாட்டோம், நாள் வேண்டுமானால் தருகிறோம் என்றாள் தங்கை. கூடுதலாக 3 லட்சம் அட்வான்ஸை இப்போதே வங்கி வழியாகத் தர ஒத்துக்கொண்டார். ஒரு மாதம் என்றால் புரட்டாசியில் விழுகிறது, அவர் மாமியார் சம்மதிக்கவில்லை. ஐப்பசி முதல் வாரம் என்று முடிவானது. அப்பாவின் மர பீரோவையும் அங்கேயே விட்டுவிடச் சொன்னார். ஃபிளாட்டின் கதவுக்குள் அது நுழையாது என்பதால் சரி என்றோம்.

பழைய ஆவண எழுத்தர்:
புது விலை, புது கெடு, கூடுதல் அட்வான்ஸ் மூன்றையும் ஒரே துணை ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பழைய கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். மாடி அறைக்கு அனுமதி இல்லை, அது தெரிந்தே வாங்குகிறார் என்ற வரியும் இருக்கட்டும். பாக்கி வைத்துக்கொண்டு மட்டும் கிரயம் செய்யாதீர்கள், ஒரு ரூபாயானாலும்.

உறையூர்க்காரன்:
நாளைக்கே பதிவுக்கு டோக்கன் போட்டிருக்கிறோம் ஐயா. ரொம்ப நன்றி. புரோக்கர் மட்டும் 62 லட்சத்துக்கே கமிஷன் வேண்டும் என்று நிற்கிறார்.

வாடகைவீடேசுகம்:
கிரயத்துக்கு முதல் நாள் ராத்திரி அவருக்குப் போன் போட்டு, "நல்ல பார்ட்டிங்க நாங்க, கொஞ்சம் குறைச்சுக்குங்க"ன்னு கேளுங்க சார்.